ஓரத்தில் இருந்த போன்

ஐப்பசி, வெள்ளி இரவு.

அம்மா இறந்த பிறகு அவள் போனை நான்தான் வைத்திருக்கிறேன். இன்று அதில் சார்ஜ் இல்லை. ஆபீசில் சோதனைப் போன்கள் வரிசையாக மாட்டியிருக்கும் இடத்தில் அதையும் செருகிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

நாங்கள் செய்வது குரல் பதிவு ஆப். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா அதில்தான் எனக்குப் பேசிப் பேசி வைத்தாள். "கொழம்புக்குப் புளி கம்மியா ஊத்து" என்றுகூட ஒன்று. நாள் முழுக்க ஆப்பில் தப்புக் கண்டுபிடிக்கிற நான், அந்தப் பதிவுகளுக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கவில்லை.

கூட வேலை பார்க்கும் குமரன் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தான். அவ்வளவுதான், கேபிளில் இருக்கும் அத்தனை போனிலும் சோதனை ஓடும். முதலில் பழைய பதிவுகளை அழிக்கும், பிறகு தானே ஒன்று பதியும். நான் திரும்பி வந்து சொல்வதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

"எல்லாம் பாஸ்க்கா" என்றான். அம்மாவின் போனுக்கும் பச்சை டிக்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். சோதனை பதிந்த ஒன்று மட்டும் இருந்தது. போட்டுக் கேட்டேன். ஃபேன் சத்தம். அப்புறம் என் குரல்.

"குமரா, ஓரத்துல இருக்கறது எங்கம்மா போனு. அத உட்டுட்டு ஓட்டு."