தவறினால் வருகிறேன் என்று சொன்னேன்

திருவண்ணாமலை
14-12-1983

அன்பு மகன் தருமனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் அண்ணாமலையார் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்தது, மழை போன பிறகும் போகமாட்டேன் என்கிறது. பிலாயில் நீயும் வேதாவும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அங்கே குளிர் ஜாஸ்தி என்று எழுதியிருந்தாய், குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு, நீயும் போட்டுக்கொள், உனக்குக் காது பெரிது. தீபம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, அப்பா வேலை பார்க்கும் லாட்ஜில் இன்னும் படுக்கை விரிப்பு துவைத்து மாளவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் உன்னை விசாரித்தாள், அப்படியே இருபது ரூபாய் கைமாற்றும் கேட்டாள், நான் விசாரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், நீ என்ன படிக்கக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. ஜூன் மாதம் நீ எழுதிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எதற்கு, இரண்டு தடவை இங்கிலீஷில் போனது போதாதா, சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை செய்கிறவள் அமைப்பாளர் ஆகி என்ன கோட்டையா கட்டப் போகிறாய், பேசாமல் இங்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தாய். கோட்டை கட்ட இல்லையடா, தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற நான் ஒரு நாளாவது பெயர்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆசை. ஆனாலும் வேதாவுக்கு அம்மா இல்லை, பிரசவத்துக்கு வந்த அவள் அக்காவும் ஊருக்குப் போய்விட்டாள், ஜனவரியில் சம்பளமில்லாமல் நீட்டிய லீவும் முடிந்து வேதா மறுபடி நர்ஸ் வேலையில் சேர வேண்டும், யாரும் வராவிட்டால் வேலையை விட வேண்டியதுதான் என்றாய். அதனால்தான் கடைசியாக அக்டோபரில் ஒரு தடவை எழுதுகிறேன், தவறினால் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

டுடோரியலில் சக்கரபாணி சார் இந்தத் தடவை என்னை விடவில்லை. மீசை முளைக்கிற பையன்கள் நடுவில் முதல் பெஞ்சில் உட்கார வைத்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வது எப்படி என்று இரண்டு மாதம் அதையே ஆட்டினார். 'செட்', அதாவது சொன்னான், என்று முன்னால் வந்துவிட்டால் பின்னால் வருகிற 'வில்' சும்மா இருக்கக் கூடாதாம், 'உட்' ஆக வேண்டும், 'கேன்' 'குட்' ஆக வேண்டும், 'மே' 'மைட்' ஆக வேண்டும், முன்னால் போனது பழசாகிவிட்டால் பின்னால் போகிறதும் பழசாக வேண்டுமாம். 'மஸ்ட்' மட்டும் அப்படியே நிற்கலாமாம், உன் அத்தை பச்சையம்மாள் மாதிரி. நான் கேட்டேன், தமிழில் வருவேன் என்று சொன்னான் என்றால் அந்த வருவேன் பத்து வருஷம் ஆனாலும் வருவேன்தானே சார் என்று. அவர் அடுத்த வாக்கியத்தைப் போர்டில் எழுதப் போய்விட்டார். எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. இரண்டு வருஷத்தில் வேலையை மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பஸ் ஏறும்போது சொன்னாயே, ஒன்பது வருஷம் ஆகிறது, நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா. இப்போதும் கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

உன் அப்பாவுக்கு இந்தப் படிப்பே வேடிக்கை. அவர் இங்கிலீஷில் நேற்றும் கிடையாது நாளையும் கிடையாது, யூ கம், வாட்டர் கம், யூ கோ, கீ கிவ், அவ்வளவுதான், பதினைந்து வருஷமாக செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் அதிலேயே குளித்துச் சாப்பிட்டு ஊர் போய்ச் சேருகிறார்கள். லாட்ஜில் இரண்டு மாதமாகத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் என் நோட்டைக் காட்டி இந்தச் சட்டம் உண்மையா என்று லாட்ஜ் மானேஜரை விட்டுக் கேட்டுவிட்டார். அந்த அம்மாள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு சட்டம் இருப்பதே தனக்குத் தெரியாது, வாயில் வருவதைப் பேசுகிறோம் என்றாளாம். பாஷைக்குச் சொந்தக்காரிக்கே தெரியாததை நீ படிக்கிறாய் என்று அப்பா ஒரு வாரம் என்னைக் கேலி செய்தார். நான் போய் சாரிடம் சொன்னேன், அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், "அவங்களுக்குப் பரீட்சை இல்லம்மா, உங்களுக்கு இருக்கு" என்றார்.

பரீட்சையில் நடந்ததை உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. போன இரண்டு தடவையும் முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, பாஸுக்கு வேண்டிய முப்பத்தைந்துக்கு நாலும் இரண்டும் கம்மி. இந்தத் தடவை கடைசியில் அந்தக் கேள்விதான், ஐந்து வாக்கியம், ஐந்து மார்க். டாக்டர் ஒரு அம்மாளிடம் நீ வீட்டுக்குப் போகலாம் என்றார், அதை மாற்றி எழுது என்று முதலில் இருந்தது. எனக்கு ஐந்தும் தெரியும். ஆனால் பேனா ஓடவில்லை. நீ அனுப்பிய போட்டோவில் பேரன் கையை மூடிக்கொண்டு படுத்திருப்பான் அல்லவா, அதுதான் கண் முன்னால் நின்றது. அந்த ஐந்தையும் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, பாவம் வயசான காலத்தில் முடியவில்லை என்பார்கள், நான் பாட்டுக்கு ரயில் ஏறிவிடலாம். பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஐந்தையும் எழுதினேன் தருமா. கை தவறி எழுதவில்லை, தெரிந்துதான் எழுதினேன், முப்பத்தெட்டு மார்க். பேரனை விட எனக்கு வேலை பெரிதா என்று நீ கேட்கலாம். கேட்டால் வலிக்கும், ஆனாலும் எழுதினேன்.

திங்கட்கிழமை தபாலில் மார்க் வந்ததும் நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, போனால் போகுது, அந்த வெள்ளைக்கார அம்மா எழுதியிருந்தாலும் பெயில்தான் என்று தேற்றினார். பாஸ் என்று சொன்னேன். குழந்தையை யார் பார்ப்பார்கள் என்றும் சொன்னேன். மனிதர் துண்டை எடுத்து ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ வேலைக்குப் போ. கொழந்தைய நான் போயி பாத்துக்கறேன்" என்றார். எனக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. நீ பிறந்தபோது தூக்கச் சொன்னால் கழுத்து நிற்கட்டும் என்றார், நின்றது, நடக்கட்டும் என்றார், நடந்தாய், அதற்கப்புறம் நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். அந்த மனிதர் மறுநாளே லாட்ஜில் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாளாகத் தலையணைக்குத் துணி கட்டிப் பழகுகிறார், முதல் நாள் தலையணை மூன்று தடவை கீழே விழுந்தது, நேற்று ஒரு தடவைதான்.

ஆகையால் வேதா வேலையை விட வேண்டாம், இதை நான் சொன்னதாக அவளிடம் முதலில் சொல். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர வேண்டும், அதனால் வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மெட்ராஸில் ரயில் ஏற்றிவிடுகிறேன், நாக்பூரில் வண்டி மாற வேண்டும், நீயே அங்கே வந்து கூட்டிக்கொண்டு போ, அவர் வாட்டர் கம் என்று சொல்லி வேறு வண்டியில் ஏறிவிடுவார். பையில் நிலக்கடலை உருண்டையும் வசம்பும் இருக்கும். கோடை லீவில் நான் வருவேன்.

அருணாசலேஸ்வரரும் உண்ணாமலை அம்மனும் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. குழந்தையை அப்பா கையில் கொடுத்துவிட்டு உடனே டியூட்டிக்கு ஓடிவிடாதே, நீயும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார். உன்னைத் தூக்காமல் விட்டது அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ஆ. சந்திரம்மாள், பத்தாம் வகுப்பு பாஸ்