பால் வருவதற்கு முன் அடிக்கும் போன்

என் ரகு அண்ணாவுக்கு,

நல்ல சேதியோடு ஆரம்பிக்கலாம் என்றால் கைவசம் ஒன்றும் இல்லை. பெரும்பாக்கம் டயாலிசிஸ் மையத்தில் நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் போன வாரம் மண்டையைப் போட்டது. உன்னைப் போலவே, சொல்லாமல் கொள்ளாமல்.

அன்றைக்கு முறை உள்ள நோயாளிகளுக்கு விடியும் முன்னால் போன் போட்டு வரச் சொல்லும் உன் புரோகிராம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மெஷின்கள் குறைவு, முறை மாறிக்கொண்டே இருக்கும். போன் வந்தால் கிளம்புவது, வராவிட்டால் வீட்டிலேயே இருப்பது என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். "இப்ப நாங்களே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுட்டிருக்கோம். உங்க அண்ணன் செஞ்சது, நீங்களே வந்து பாருங்க மேடம்" என்று நர்ஸ் கூப்பிட்டார்.

நல்லவேளை, புரோகிராமும் அதற்கு வேண்டியவையும் அடங்கிய, ஓடிக்கொண்டிருந்த கண்டெய்னரை எக்ஸ்போர்ட் செய்து, எல்லாவற்றையும் மூட்டை கட்டிய ஒரே டார் கோப்பாக பென் டிரைவில் வைத்திருந்தாய். சேலையூர் வீட்டில் உட்கார்ந்து, டெர்மினலில் இம்போர்ட் என்று ஒரு வரி அடித்தேன். மூட்டை பிரிந்து, ஓட்டுவதற்கான இமேஜ் தயார். ஓடவிட்டால், எந்தக் கட்டளையும் கொடுக்கப்படவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. உன் கோப்புகள் எல்லாம் வந்திருந்தன, எதை முதலில் ஓட்டுவது என்பது மட்டும் வரவில்லை. டாரில் கோப்புகள்தான் ஏறும், இந்த மாதிரி அமைப்புகள் ஏறாது என்பது எனக்குத் தெரியாததா? அவசரம். துழாவி உன் ஸ்கிரிப்டைக் கண்டுபிடித்து, மையத்தின் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சிட்லபாக்கத்திலிருந்து அண்ணி கூப்பிட்டார். "அவர் போன் அடிக்குது" என்றார்.

உன் போனை இன்னும் சார்ஜ் போட்டு பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார், தெரியுமா? புரோகிராம் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, மற்றவர்களுக்குப் போகும் முன் முதல் அழைப்பு உனக்கே வரும்படி நீ எழுதிவைத்திருந்தாய். நீ போன பிறகும் அது தினமும் அடித்திருக்கிறது. அண்ணி எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

"எப்பவும் பால் வர்றதுக்கு முன்னாடி அடிக்கும். இன்னிக்கு சாம்பார் கொதிக்கிறப்ப அடிக்குது. ஏன்டி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ அமைத்திருந்த இந்திய நேரமும் டாரில் ஏறவில்லை. புரோகிராம் வேறு ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்தரை மணி நேரம் தாமதமாக எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருந்தது.

மையத்துக்கு ஓடினேன். காலை முறையைத் தவறவிட்ட முருகேசனை மூச்சு இரைக்க இரைக்க மகள் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். "போன் வரும்னு குந்திகினு இருந்தேன்மா. வரல. சரி, இன்னிக்கு நம்ம முறை இல்லபோலன்னு வுட்டுட்டேன்" என்றார். கோபமே இல்லை அவருக்கு. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். நீ இருந்திருந்தால் உன் போன் அடிக்காத அந்த விடியலிலேயே பதறி எழுந்திருப்பாய், இல்லையா?

மறுபடி இம்போர்ட் செய்தேன். இந்தத் தடவை தொடக்கக் கட்டளையையும் நம் ஊர் நேரத்தையும் அந்த வரியிலேயே சேர்த்தேன். முடித்துவிட்டு அண்ணியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "அண்ணா நம்பரை எடுத்துடட்டுமா அண்ணி?"

"கம்ப்யூட்டர் கெட்டுப்போய் அது அடிக்காம இருந்துச்சே, அப்பதான்டி அவர் போயிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

அழைப்புப் பட்டியலில் உன் நம்பர் முதல் வரியிலேயே இருக்கிறது அண்ணா. அதற்கு அடுத்த வரியில் என்னுடையதைச் சேர்த்திருக்கிறேன். தினமும் உனக்கு அடித்து ஓய்ந்ததும் எனக்கு அடிக்கும். என்றைக்கு அடிக்கவில்லையோ, அன்றைக்கு பால் வருவதற்குள் நான் பெரும்பாக்கத்தில் இருப்பேன்.

உன் போனுக்கு அடுத்து எழுந்திருக்கும்,
உன் தங்கை