ஏறி இறங்கிய அப்பாவின் எடை

ஏம்பலம்

அன்பு மகள் சரண்யாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். மீதியைப் படித்துவிட்டு எவ்வளவு நலம் என்று நீயே முடிவு செய்துகொள். நீ ஜெர்மனிக் குளிருக்குப் பழகி, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், உன் அப்பா காதை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஸ்டெல்லா டீச்சர் மகன் அங்கே கிளம்புகிறான் என்றார்கள், வடகப் பொட்டலத்துக்குள் வைத்து அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்கு விசா கிடைத்தால் திரௌபதி அம்மனுக்கு அப்பாவின் எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டியிருந்தேன் அல்லவா? உன் எடைக்கு வேண்டினால், நீ இருக்கிற ஒல்லிக்கு அம்மன் நம்மைக் கஞ்சம் என்று நினைத்துவிடுவாள் என்றுதான் அவரைச் சொன்னேன். அதைப் போன மாதம் செலுத்தினோம். கோயில் தராசின் சங்கிலி அறுந்து கிடந்ததால், மூட்டை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசை வெல்லக் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்கென்று பார்த்து ஊருக்கே கரண்டு இல்லை, மைக்செட்டுக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரிலேயே தராசையும் மாட்டினார்கள். அப்பா பட்டு வேட்டியோடு ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், எழுபத்தொன்று காட்டியது. ஸ்பீக்கரில் உடுக்கைச் சத்தம் எழும்பியதும் முப்பத்தெட்டுக்கு இறங்கினார். பாட்டு நின்று ஜெனரேட்டர் உறுமியதும் நூற்று நாற்பதுக்குப் போய்விட்டார். தர்மகர்த்தா நாகராஜன் பெரியப்பா, "இன்னா அரங்கநாதா, ஒக்காந்த எடத்துலயே ஏறி எறங்குற? மூச்ச அடக்குய்யா" என்று அதட்ட, இவரும் முகம் சிவக்கச் சிவக்க அடக்கிப் பார்த்தார். கீழே இறங்கி நின்ற பிறகும் தராசு யாருக்காகவோ பதினாறு கிலோ காட்டிக்கொண்டிருந்தது. அதிகமாகக் காட்டியதுதான் அம்மனுக்குச் சேர வேண்டும் என்று பாதிப் பேர், உடுக்கை அடித்தபோது காட்டியதுதான் அம்மனே கேட்ட எடை என்று மீதிப் பேர். நடுவில் அப்பா, "நான் ஒரே ஆளுதாங்க" என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை.

மைக்செட் கலைவேந்தன் அண்ணன் ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கிவந்து நடுவில் மாட்டி, அப்பாவை மறுபடி ஏற்றினார். அது டக் டக்கென்று அடிக்க, ஒவ்வொரு டக்குக்கும் நம்பர் தாவியது, கூடவே அப்பாவுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. கடைசியில் தராசைத் திறந்தால் உள்ளே பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. "இதுக்கு ஆறு வோல்ட் டிசி இருந்தா போதும்க்கா, ஆனா ஆடாம வரணும். ஜெனரேட்டர் ஆடுற ஆட்டத்த பேட்டரி வாங்கி வெச்சிக்கினு சீரா குடுக்கணும், அது செத்துப்போச்சி" என்றார். நீ படித்தவள், சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். நம் வீட்டு எமர்ஜென்சி லைட்டில் அதே பேட்டரிதான் என்றார்கள், ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அதை வைத்து அப்பாவை உட்கார வைத்ததும், உடுக்கை அடித்தாலும் சரி, ஜெனரேட்டர் கத்தினாலும் சரி, நம்பர் நட்ட கம்பம் மாதிரி நின்றது. ஐம்பத்தொன்பது.

கூட்டமே கைதட்டியது. அப்பாவுக்கு மட்டும் கோபம். "ஒரு நெல்லு மூட்ட எடகூட இல்லியா நானு?" என்று சண்டைக்கு நின்றார். அரிசிச் சிப்பத்தை வைத்துப் பார்த்தார்கள், இருபத்தைந்து கிலோ சிப்பம் இருபத்தைந்தே காட்டியது. மறுபடி ஏறினார், மறுபடி அதே ஐம்பத்தொன்பது. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன் கண்ணு, பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போன வருஷம் மருத்துவ முகாமில் எழுபத்திரண்டு இருந்தவர். வேட்டியை இறுக்கி இறுக்கிக் கட்டுவதையும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதையும் வெயிலால் என்று இருந்துவிட்டேன். தராசு ஆடிக்கொண்டே இருந்திருந்தால் முதலில் காட்டிய எழுபத்தொன்றையே நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வருவாரா? அங்கே நல்ல தராசு இருக்கிறது, கோயில் தராசு பொய் என்று காட்டிவிடலாம் என்றேன், எனக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டார். அங்கேயும் அதே ஐம்பத்தொன்பது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். இன்னும் விட்டிருந்தால் கண்ணையும் காலையும் பதம் பார்த்திருக்கும், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. பயப்படாதே, மாத்திரை போடுகிறார், காலையில் நடக்கிறார், இரண்டு கிலோ ஏறியிருக்கிறார். அவ்வளவு வெல்லம் கொடுத்தவனுக்கு ஒரு துண்டு வாயில் வைக்க விதியில்லையா, அம்மனுக்கே சுகர் வந்துவிடப்போகிறது என்று என்னைத் திட்டுகிறார். ஊரில் கேட்பவர்களிடம் ஜெனரேட்டரால்தான் தனக்குச் சர்க்கரை வந்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. போனில் முகத்தை மட்டும் காட்டுகிறவரைப் பார்த்து உனக்கு எப்படித் தெரியும், தினமும் சோறு போடுகிற எனக்கே தெரியவில்லையே. இனி பேசும்போது எழுந்து நிற்கச் சொல்லி முழுதாகப் பார். மாத்திரை போட்டாரா என்று கேட்காதே, என்ன சாப்பிட்டார் என்று கேள், அவரே உளறிவிடுவார். அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், தீர்க்காயுசாக இரு. ஈரத் தலையோடு பனியில் போகாதே. நீயும் போனில் முகத்தைத்தான் காட்டுகிறாய், அடுத்த முறை எழுந்து நின்று காட்டு, நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. மகாலட்சுமி