ழுவு என்றொரு சொல்

திரையில் முதல் வரி இப்படித் தொடங்கியது: mk;kh.

"கெட்டுப் போச்சு ஆண்ட்டி. எல்லா ஃபைலும் இப்படித்தான் இருக்கு. ஃபார்மெட் பண்ணிட்டு நானே வச்சுக்கலாம்னு பார்த்தேன்" என்றாள் உன் மகள் தர்ஷினி. நீ இறந்து பத்து மாதம் கழித்து, உன் தையல் மெஷின் இழுப்பறையில் அந்தப் பென்டிரைவ் கிடைத்திருக்கிறது. அம்மாவின் சிநேகிதிக்குக் கணினி கொஞ்சம் தெரியுமே என்று பாடாங் செராயில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதுவும் கெடவில்லை. அது 'அம்மா'தான். நாம் தட்டச்சு செய்த காலத்து எழுத்துரு அப்படிப்பட்டது. வெளியே தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருந்தது ஆங்கில விசைகள்தாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் விசைகள் மட்டும் மிஞ்சும். யூனிகோடுக்கு மாறிக்கொள் என்று எத்தனை முறை உன்னிடம் சொல்லியிருப்பேன். "என் விரலுக்கு இதுதான் பழக்கம்லா, நீ வேணும்னா மாறிக்கோ" என்பாய். ஒரு பொதுவிடுமுறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே மாற்றித் தருகிறேன் என்றேன். பிறகு என்றாய். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

கூலிம் தொழிற்சாலையில் நாம் ஒரே வரிசையில் நின்று வேலை செய்த வருடங்கள் அவை. வேலையில்லாத சனிக்கிழமைகளில் உன் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போவோம். ஓ.டி., கூடுதல் நேர வேலை இருக்கிறது என்று நீ வீட்டில் சொல்லிவிட்டு வருவாய். நான் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்வேன். போனது இன்டர்நெட் கடைக்கு. ஒரே கணினி, இரண்டு நாற்காலி. நீ அடிக்கும்போது நான் பிழை பார்ப்பேன்; நான் அடிக்கும்போது நீ பார்ப்பாய். ஒரு நாள் கடையில் மின்சாரம் போய் உன் இரண்டு பக்கம் காணாமல் போனது. அன்றிலிருந்து "மூச்சு விடற மாதிரி சேவ் பண்ணணும்" என்பது நம் இருவருக்கும் சட்டம். புறப்படும் முன் அன்றைய கோப்பை உன் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்வாய். உனக்கு வரும் ஒரே கடிதம் அதுதான் என்று கேலி பேசுவாய்.

தர்ஷினியை உட்காரச் சொன்னேன். பென்டிரைவில் இருந்ததை அப்படியே விட்டு, முதலில் ஒரு நகல் எடுத்தேன். இணையத்தில் இருக்கும் எழுத்துரு மாற்றியில் ஒரு பத்தியை ஒட்டினேன். பழைய எழுத்துருவின் பெயரைத் தவறாகத் தேர்ந்துவிட்டேன் போல, குப்பை வேறு குப்பையாக மாறியது. அடுத்த பெயரைத் தேர்ந்தேன். வரிகள் ஒவ்வொன்றாகத் தமிழாகி நின்றன. தர்ஷினி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். நீ கதை எழுதுவாய் என்பதே அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது கதையில் ஒரு வரி இருவரையும் நிறுத்தியது: "சனிக்கிழமை ழுவு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்."

"ழுவுன்னா என்ன ஆண்ட்டி?"

"தெரியலையே."

"கழுவுன்னு அடிச்சு க விட்டுப் போச்சோ?"

"சனிக்கிழமை கழுவு இருக்குன்னு யாராவது சொல்வாங்களா?"

பக்கத்தைத் தள்ளினால் மறுபடியும் ழுவு. மொத்தம் ஏழு இடத்தில். உன் விரல் ஒரே தவற்றை ஏழு தடவை செய்யாது. அகராதியில்கூடத் தேடினோம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பழைய விசைகளை மேசையின் மேல் தட்டிப் பார்த்தேன். ழு வந்தது பெரிய O விசையில். வு வந்தது பெரிய T விசையில். நீ ஆங்கிலத்தில் OT என்று அடித்திருந்ததையும் சேர்த்து அந்த மாற்றி தமிழாக்கிவிட்டது. ஆங்கிலச் சொற்களை முன்பே தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும்.

"ஓ.டி.! உங்கம்மா வீட்டுல சொல்ற அதே சாக்கு!" என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்போ சனிக்கிழமை ஓ.டி. இல்லையா?"

பொய் சொல்ல முடியவில்லை. இன்டர்நெட் கடையைப் பற்றிச் சொன்னேன்.

"நான் பக்கத்து வீட்டுல உக்காந்து அம்மா வர்ற வழியைப் பார்த்துக்கிட்டே இருப்பேன் ஆண்ட்டி. பாவம் அம்மா, லீவுகூட இல்லன்னு நெனச்சுக்கிட்டு. ஏன் என்கிட்ட சொல்லல?"

"கதை எழுதறது ஒரு வேலைன்னு அப்ப எங்களுக்கே நம்பிக்கை இல்லம்மா" என்றேன். அது போதுமான பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பென்டிரைவ் என் மேசையிலேயே கிடந்தது.

மிச்சக் கதைகளை நான் தனியாகத்தான் மாற்றினேன். ழுவு எல்லாவற்றையும் தேடிப்பிடித்து OT ஆக்கினேன். முடித்ததும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு காலையில் குரல் பதிவு ஒன்று வந்தது. குருண் டவுனில் வேலைக்குப் போகும் வழியில் எங்கோ நிறுத்திப் பேசியிருக்கிறாள்; பின்னால் லாரிச் சத்தம்.

"ஆண்ட்டி, ஒன்பதாவது கதையில ஒரு பொண்ணு பக்கத்து வீட்டு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. மோட்டார் சத்தம் கேட்டா, இது அம்மாவோடதா இல்லையான்னு கண்ணை மூடிக்கிட்டு கண்டுபிடிப்பா. அது நான்தான். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சது?"

எனக்கும் தெரியவில்லை. நீ வண்டியைத் தூரத்திலேயே அணைத்துவிட்டு நின்று பார்த்திருப்பாயோ? தெருமுனையில் எத்தனை நேரம்? இனி உன்னிடம் கேட்க முடியாது. தெரியவில்லை என்றே அவளுக்குப் பதில் போட்டேன். "பரவால்ல ஆண்ட்டி, அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குல்ல, அது போதும்" என்று எழுதினாள். இப்போது கதைகள் அவள் கைப்பேசியிலும், அவள் மின்னஞ்சலிலும், என் கணினியிலும் இருக்கின்றன.

இத்தனை வருடம் நானும் வீட்டில் சொன்னதில்லை. மடிக்கணினியைத் திறந்தால் பில் கட்டுகிறேன் என்பேன். போன சனிக்கிழமை என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பண்ற?" என்றார்.

"கதை எழுதறேன்."

"கண்ணு கெட்டுப் போகும், லைட்ட போட்டுக்கோ" என்று சொல்லி, அவரே சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார்.