கலங்கல் ஓரத்தில் ஒரு வெள்ளை முகம்

நைனா,

இன்று காலை பள்ளிக்கூடக் கேட்டுக்கு யாரோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறியதும் நீ பின்னால் நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து வகுப்புக்குள் ஓடிவிட்டேன்.

பள்ளிச் சுவரில் நீ பாதியில் விட்ட படத்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நம் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிவதை ஊரே நின்று பார்க்கும் அந்தப் பழைய போஸ்ட்கார்டு படம். நகலெடுத்துக் கட்டம் போட்டு நாம் சுவருக்கு மாற்றினோம். தண்ணீர், பனைமரம், வேட்டி எல்லாம் தெரிந்தன. முகங்கள் மட்டும் தேய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக இருந்தன. அவற்றில் நீ நம் ஊர்க்காரர்களின் முகங்களை வைத்தாய்.

"செத்துப்போனவங்க ஒடம்புல நம்ம மூஞ்சியா?" என்று கேட்டேன்.

"மூஞ்சி குட்த்தா யாராச்சும் சண்டைக்கு வருவாங்களா?" என்று சிரித்தாய்.

யாரும் வரவில்லைதான். டீக்கடைக்காரர், "மீசைய இன்னும் முறுக்கி வுடுண்ணா, எங்க வூட்ல பாத்து பயப்படட்டும்" என்று உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கலங்கல் ஓரத்தில் நிற்பவருக்கு உன் முகத்தையே வைத்தாய். அடுத்த வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய்.

காரியம் முடிந்ததும் இட்லிக் கடை அக்கா வந்தாள். "என் மூஞ்சிய அழிச்சுடு கண்ணு. ஒங்க நைனா தன்ன வரஞ்சிக்கினாரு, இன்னா ஆச்சி பாத்தியா? எனக்கு ரெண்டும் சின்னப் புள்ளைங்க."

ரத்தக்குழாய் அடைப்பு என்று டாக்டர் சொன்னதை, அறிவியல் புத்தகத்தை விரித்து அவளுக்கு விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் அவள் முகத்தை அழித்து, யாருடையதும் இல்லாத ஒரு முகம் வைத்தேன்.

உன் பக்கத்தில் நிற்கும் பெண்தான் பாக்கி. ஆண்டு விழாவுக்குள் முடிக்கச் சொன்னார் ஓவிய டீச்சர். அவளுக்கும் கற்பனை முகமே போதும் என்றிருந்தேன். அம்மா விடவில்லை.

"எவளோ ஒருத்திய அவரு பக்கத்துல நிக்க வெப்பியா? நான் தெனமும் அத்த பாத்துக்கினு போவணுமா? என்னிய வரைடி."

"வேணாம்மா. பயமா கீது."

"இன்னா பயம்? மூக்குத்திய மறந்துடாத" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர் எதிரே உட்கார்ந்தாள்.

மூக்கு, வாய் வரை கை ஓடியது. கண்ணுக்கு வந்ததும் பிரஷ் தவறிக் கன்னத்தில் கறுப்பாக இழுத்துவிட்டது. துடைத்தேன். மறுபடி வைத்தேன். அம்மா இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இமைக்க வேண்டுமே என்று பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன்.

படம் நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். அன்றிலிருந்து, அம்மா குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுகிறேன். "உசுரோடதான் கீறேன், போடி" என்று உள்ளேயிருந்து திட்டுகிறாள். உன் பிரஷ்களை எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றைவிட இந்தப் பயம்தான் எந்நேரமும் என் கூடவே இருக்கிறது.

படத்தில் அம்மா உன் பக்கத்தில்தான் நிற்கிறாள், நைனா. அது போதும். அவளைக் கூப்பிடாதே.