தஹ்பாவும் மாலதியின் சம்பந்தமும்

ஞாயிறு இரவு, கோலசிலாங்கூர்.

இந்தச் சம்பந்தம் கைகூடாது என்று காலையிலேயே கணித்துவிட்டேன். அக்கா மகள் மாலதிக்கு அப்பா இல்லை. தாய்மாமனான என் பேச்சுதான் எடுபட வேண்டும். ராவாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நகைப் பேச்சு வந்ததும் எல்லார் முகமும் இறுகிப்போனது. நான்தான் கலகலப்பாக்கினேன். ஏசுநாதர் பேசிய அராமிய மொழியில் தங்கத்துக்கு ‘தஹ்பா’ என்று பெயர், நம்முடைய ‘தகதக’தான் அங்கே போயிருக்கிறது என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். “இல்ல மாமா, அரபில தஹப், ஹீப்ருல ஸஹாவ். எல்லாம் ஒரே குடும்பத்துச் சொல்லு லா. நம்மகிட்டேருந்து போகல.”

“அந்த மொழி பேசுற சிரியா நாட்டுப் பாதிரியாரே என் கையப் புடிச்சுச் சொன்னாரு தம்பி! ஈஜோக்லதான் இருக்காரு.”

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். “நாங்க போற வழிதானே? வாங்க, கேட்டுருவோம். பொண்ணப் பத்தி நீங்க சொன்னதையும் நாங்க நம்பணும்ல?”

முட்டி வலி என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் தேநீரைத் தொடாமலே கிளம்பிவிட்டார்கள்.

மாலதி கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். “மாமா, நாளைக்காவது அவங்களப் பாதிரியார்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எனக்கு அந்த மாப்பிள்ளையப் புடிச்சிருக்கு.”

சரியென்று தலையாட்டினேன். ‘தஹ்பா’ என்ற சொல்லை நான் கைப்பேசியில்தான் படித்திருந்தேன். ஈஜோக்கில் அப்படியொரு பாதிரியார் கிடையாது.