பரணில் காய்ந்த சட்டை

பெர்லின், ஜூலை 1932

அன்புள்ள உங்களுக்கு,

மாக்டபுர்க்கில் வேலை எப்படிப் போகிறது? இங்கே தேர்தல் நெருங்க நெருங்க, மாடிப்படியில் எதிர்ப்படுபவர்கள்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீங்கள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, சோஷலிஸ்ட் கட்சி போஸ்டர் ஒட்டப் போன கீழ்வீட்டு எமிலின் மண்டையை நாஜிகள் உடைத்துவிட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

நீங்கள் கிளம்பிய மறுநாள், கட்டடத்துப் பொதுப் பரணில் துணி காயப்போடும் முறை நமக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பிய எமிலின் மனைவி ஹெட்விக்கும் கூடைக்கு ஒரு கை கொடுக்க வந்தாள். மூலைக் கொடியில் நாஜிகளின் பழுப்புச் சட்டை ஒன்று தொங்கியது.

“நம்ம கட்டடத்துலயே இருந்துக்கிட்டு தினம் எனக்கு வணக்கம் சொல்றானா அந்தப் பாவி?” என்று பல்லைக் கடித்தாள். “கிளிப்பைப் பாருடி, எந்த வீடுன்னு தெரிஞ்சிடும்.”

திருட்டுப் போகாமலிருக்க வீட்டுக்கொரு நிறம் பூசி வைத்திருக்கிறோமே, அதைச் சொன்னாள். நான் முந்திக்கொண்டு போய்க் கிளிப்புகளை உருவி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“நிறமே இல்லடி, புதுசு” என்றேன்.

“அப்போ வாட்ச்மேன்தான். மூஞ்சியப் பாத்தாலே தெரியல?”

நான் நம் துணிகளை உதறிக் கொடியில் போட ஆரம்பித்தேன். இன்று காலை வாட்ச்மேன் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது.

நம் கிளிப்புகளுக்கு நீலம் பூசியது நீங்கள்தான்.

ரத்தக் கறையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் போகாது, இன்னும் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இதெல்லாம் ஆண்களுக்கு எங்கே தெரிகிறது!

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஹெட்விக் வாசலில்தான் நிற்பாள். எமில் எப்படி இருக்கிறார் என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள்.

மனைவி